மூன்றாம் வரிசையில் ஒரு பள்ளம்

சோபாவைச் சுவரோரம் தள்ளி
தேநீர் மேசையைக் குளியலறைக்குள் திணித்து
தரை முழுக்கப் பரப்பியாகிவிட்டது.
எண்பது சதுரங்கள்.
எட்டு அகலம், பத்து நீளம்.
வெளியே சஸ்காச்சுவான் சமவெளி
மைனஸ் முப்பத்தொன்றில்
ஒரே நிறத்தில் படுத்துக் கிடக்கிறது.

முட்டி தேய ஊர்கிறேன்.
மாதா கோயில் கூடத்து மேசைவிரிப்பு,
பீட்ரூட் சூப் கறையைத் தவிர்த்து வெட்டியது.
மூடிப்போன மோட்டலின் திரைச்சீலை.
ஏழு மாதமே நிலைத்த கல்யாணம் ஒன்றில்
நான் மணப்பெண் தோழியாக உடுத்திய ஊதா பட்டு.
தாராஸின் வேட்டை அங்கி, கண் கூசும் ஆரஞ்சு,
முள்வேலியில் கிழிந்தது.

ஒரே துணி பக்கத்துப் பக்கத்தில் வரக் கூடாது.
மஞ்சளை உப்பு மாதிரி தூவ வேண்டும்.
சொன்னால் கேட்கிறதா?
பச்சைகள் எல்லாம் ஒரு மூலையில் கூடிக்கொண்டன.
ஓரத்தில் தனியாய் நிற்கும் சிவப்பு
ஊரைக் கூட்டுகிறது.
அதை நடுவுக்குக் கொண்டுவந்தால்
நீலம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறது.

டோரீன் போனில் சொன்னாள்:
நாற்காலி மேல் ஏறிப் பார்,
பைனாகுலரைத் திருப்பிப் பிடித்துப் பார்,
கண்ணைச் சுருக்கிப் பார்.
சுருக்கினேன்.
விடிகாலை நாலு மணிக் கண் அது,
சுருங்கியதோடு மூடியும் கொண்டது.

ஏழு மணிக்குத் தாராஸ் வந்தான்.
இரவெல்லாம் நெடுஞ்சாலையில் பனி வாரிய களைப்பு,
மீசையில் இன்னும் கொஞ்சம் பனி.
அடுக்களை அந்தப் பக்கம்.
பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு
சுவரை ஒட்டிப் பல்லிபோல் நகர்ந்தான்.

பத்தொன்பது வயதில் ரயில்வே அவனைக் கூப்பிட்டு
புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல் என்றது.
எண்ணே இல்லையே என்றான்.
அடுத்த ஆள் வரலாம் என்றார்கள்.
முப்பத்துநாலு வருஷமாய் அவன் காலுறைக்கு
நான்தான் ஜோடி சேர்க்கிறேன்.
நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை
அவனிடம் கேட்டதில்லை.

இன்றும் கேட்கவில்லை.
ரொட்டியைக் கடித்தபடி அவனாகச் சொன்னான்:
"அங்கே ஒரு பள்ளம் இருக்கு."
எங்கே?
"மூணாவது வரிசை. கால் வெச்சா உள்ளே போயிடும்."

என் கண்ணுக்கு அது விருந்து.
திராட்சைச் சிவப்பு, பாட்டில் பச்சை,
அந்த ஊதா, நள்ளிரவு நீலம்,
நாலையும் பக்கம் பக்கமாய் வைக்க
இரண்டு மணி நேரம் போயிருந்தது.
போனில் கறுப்பு வெள்ளையாய் ஒரு படம் எடுத்தேன்.
நாலும் ஒரே இருட்டு.
ஒரு கன்றுக்குட்டி விழும் அளவுக்குப் பள்ளம்.

பிறகு அவன் தூங்கப் போகவில்லை.
கால்விரலால் காட்டினான், நான் நகர்த்தினேன்.
துணிகளின் ஊரும் பேரும் எனக்குத் தெரியும்,
அவன் வைத்திருந்ததோ வேறு பெயர்கள்:
கஞ்சி,
ஈரமண்,
முன்விளக்குப் பட்ட பனி.
"அந்தக் காய்ந்த புல்லை எடுத்துப் பள்ளத்தில் போடு."
எந்தப் புல்?
அவன் காட்டியது ஆரஞ்சை.

அடுத்தவன் கண்ணில் படத்தான்
அதை மாட்டிக்கொண்டு மான் வேட்டைக்குப் போனான்
இத்தனை வருஷம்.

பாட்டில் பச்சைக்கு ஒட்டினாற்போல் ஆரஞ்சா?
முடியவே முடியாது என்றேன்.
இப்போ தரை சமமா இருக்கு என்றான்.
சண்டை அரை மணி நேரம் நடந்தது.
அவன் படுக்கப் போகட்டும், மாற்றிக்கொள்ளலாம்
என்று விட்டுவிட்டேன்.

குறட்டை கேட்டதும் எடுத்தேன்.
கண்ணைச் சுருக்கினேன், இந்த முறை தூங்காமல்.
பள்ளம் அப்படியே இருந்தது.
திரும்ப வைத்தேன்.
எடுத்தேன்.
வைத்தேன்.

இப்போது சீட்டு எழுதி ஊசி குத்துகிறேன்,
தைக்கும்போது இடம் மாறாமலிருக்க.
வரிசை மூன்று, ஐந்தாவது.
ஆரஞ்சு கத்துகிறது.
கத்தட்டும்.